பேரைச் சொல்லுங்கம்மா

எங்கள் ஊரில் பெண் குழந்தை பிறந்தால் அம்மன் பெயரை வைப்பார்கள். ஆண் குழந்தை என்றால் சாமி பெயர். சங்கரன்கோவிலில் மட்டுமில்லை, சுற்றியிருக்கிற கிராமங்களிலும் அப்படித்தான். பஸ் ஸ்டாண்டில் நின்று அம்மன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நாலைந்து பெண்களாவது திரும்பிப் பார்ப்பார்கள். வெளியூர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற எனக்கு அப்படி இல்லை.

நான் நர்ஸ். இங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பல வருஷமாக இருக்கிறேன். இப்போது இன்சார்ஜ். பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். யார் லீவு, எந்த மருந்து தீர்ந்துபோனது, எந்த பாத்ரூமில் தண்ணீர் வரவில்லை என்பதெல்லாம் முதலில் என் காதுக்கு வந்து சேரும், அவ்வளவுதான். சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றினால் பாதத்தில் வார் பதிந்த தடம் இருக்கும். கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு நிற்கிறது. டாக்டரிடமே வேலை பார்த்தும் அதைக் காட்ட நேரம் வாய்க்கவில்லை.

சில வருஷங்களுக்கு முன்னால், எங்கள் கோவில் ஆடித்தபசுத் திருவிழா சமயத்தில் நடந்தது இது.

தபசு என்றால் ஊர் கொள்ளாது. பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். ஆஸ்பத்திரியிலும் கூட்டம் குறையாது. வெயிலில் மயங்கி விழுந்தவர்கள், நெரிசலில் கால் மிதிபட்டவர்கள் என்று யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். அதே சமயம் நர்ஸ்களில் பாதிப் பேர் லீவு கேட்பார்கள். அவரவர் வீட்டுக்கும் விருந்தாளி வருவார்கள் அல்லவா, எப்படித் தரமாட்டேன் என்பது? அந்த வருஷம் தபசன்று ராத்திரி டூட்டிக்கு வரவேண்டிய பெண் வெளியூரிலிருந்து கிளம்பி, வழியில் மாட்டிக்கொண்டு, வரமுடியவில்லை என்று போன் செய்துவிட்டாள். மத்தியானம் டூட்டிக்கு வந்த ராயகிரிப் பெண்ணையே ராத்திரியும் இருக்கச் சொன்னேன். அவள் மறுபேச்சுப் பேசவில்லை. எங்களில் யாரும் இதற்கெல்லாம் மறுபேச்சுப் பேசுவதில்லை. டூட்டிக்கு மேல் டூட்டி பார்ப்பது அவ்வளவு பழகிப்போயிருந்தது.

நல்ல பெண் அவள். படிப்பு முடித்து இரண்டு வருஷம் ஆகியிருக்கும். வேலையில் நிதானம் உண்டு. ஊசி குத்தும்போது நோயாளியோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டே குத்துவாள், வலி தெரியாது. பெரியவர்கள் அவளைத் தேடுவார்கள்.

அன்று பெண்கள் வார்டில் அம்மன் பெயர் கொண்ட இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் புளியங்குடிக்காரர். அங்கே எலுமிச்சை மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கிற குடும்பம். சுகர் முற்றி, காலில் புண்ணோடு வந்து படுத்திருந்தார். காலையும் இரவும் சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் போடவேண்டும். இன்னொருவர் பனவடலிசத்திரம் பக்கத்துக் கிராமத்துக்காரர். வயல் வேலை பார்க்கிற உடம்பு. காய்ச்சலும் வயிற்று வலியுமாக வந்திருந்தார். காலையில் வெறும் வயிற்றில் ஸ்கேன் எடுக்கவேண்டும் என்று பெரிய டாக்டர் சொல்லியிருந்தார். இருவருக்கும் அறுபதை ஒட்டிய வயது. இருவருடைய கணவருக்கும் சாமி பெயர். அதனால் கேஸ் ஷீட்டில் இரண்டு பேருடைய இனிஷியலும் ஒன்று. நாங்கள் புளியங்குடி அம்மா, பனவடலி அம்மா என்று ஊரை வைத்துத்தான் பேசிக்கொள்வோம். ஆனால் கேஸ் ஷீட்டின் மேல் ஊர் பெரிதாக எழுதியிருக்காது. பெயரும் பெட் நம்பரும்தான் பெரிதாக இருக்கும்.

புளியங்குடி அம்மா ஜன்னலோரக் கட்டிலில் இருந்தார். பாத்ரூம் அந்தக் கோடியில். புண்ணோடு அவ்வளவு தூரம் நடக்கிறது கஷ்டம். லேபிலிருந்து வந்து விரலில் ரத்தம் எடுத்துப் போன பிறகு, விடியற்காலையில், பாத்ரூமுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது வலியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாராம். பாத்ரூம் பக்கத்துக் கட்டில் பனவடலி அம்மாவுடையது. அவர் எழுந்து, "நீங்க இங்கன படுங்கக்கா, எனக்குக் கால் நல்லாத்தான இருக்கு" என்று இடம் கொடுத்திருக்கிறார். ஆயாம்மா இருவருடைய விரிப்பையும் பையையும் மாற்றி வைத்திருக்கிறாள். கட்டில் காலடியில் மாட்டியிருந்த கேஸ் ஷீட்டுகளை யாரும் மாற்றவில்லை. அது ஆயாம்மாவின் வேலையும் இல்லை. அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும்.

ராயகிரிப் பெண் அந்த நேரம் ஆண்கள் வார்டில் டிரிப்ஸ் மாற்றிக்கொண்டிருந்தாள். கட்டில் மாறியது அவளுக்குத் தெரியாது.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் இன்சுலினை எடுத்துக்கொண்டு ஜன்னலோரக் கட்டிலுக்குப் போனாள். கேட்காமல் போட்டுவிட்டாள் என்று பின்னால் பலர் பேசினார்கள். அது சரியில்லை. அவள் கேட்டாள். கேஸ் ஷீட்டைப் பார்த்து, அம்மன் பெயரைச் சொல்லி, "அவங்கதானம்மா நீங்க?" என்று கேட்டாள். பனவடலி அம்மா ஆமா என்றார். அது அவருடைய பெயர்தானே. அதோடு விடாமல், "வீட்டுக்காரர் பேரு என்னம்மா?" என்றும் கேட்டாள். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் கணவர் பெயரைக் கேட்கவேண்டும் என்பது நான் சொல்லிக்கொடுத்ததுதான். ஆனால் பனவடலி அம்மா வயதுக்காரர்கள் புருஷன் பெயரை வாயால் சொல்லமாட்டார்கள். ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்கிறவர்களைச் சொல்லச் சொல்வார்கள். அந்த அம்மாவும் சிரித்துக்கொண்டு, "அவுக பேரா, சாமி பேருதான்" என்று சொல்லியிருக்கிறார். இவள் ஷீட்டில் உள்ள பெயரைப் படித்து, "இதுதானம்மா?" என்றாள். அவர் தலையை ஆட்டினார்.

எல்லாம் பொருந்திவிட்டது. ஊசியைப் போட்டுவிட்டு அடுத்த வார்டுக்குப் போய்விட்டாள்.

நான் டூட்டிக்கு வந்து, கைப்பையைக்கூட வைக்காமல் வார்டை ஒரு சுற்றுப் பார்ப்பது வழக்கம். அன்று காலை பெண்கள் வார்டுக்குள் நுழைந்ததும் பாத்ரூம் பக்கத்துக் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"சிஸ்டரம்மா, இட்லி வந்துட்டு. எனக்கு இன்னும் ஊசி போடலியே. சாப்பிடவா, இருக்கவா?"

புளியங்குடி அம்மா.

"நீங்க ஜன்னலோரம்லா இருந்திய?"

"கால் வலின்னு ஆயாம்மா மாத்திவிட்டா."

ஜன்னல் பக்கம் பார்த்தேன். பனவடலி அம்மா கண்ணை மூடிப் படுத்திருந்தார். அவருடைய மருமகள் ஒரு காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். நான் கிட்டே போனதும் முகம் மலர்ந்து சொன்னாள்.

"காய்ச்சல் விட்டுட்டு சிஸ்டர். வேர்த்து ஊத்துது பாருங்க. இப்பதான் எனக்கு உயிரே வந்துச்சு."

நெற்றியைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. சேலை முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது. கன்னத்தைத் தட்டி, "அம்மா, கண்ணத் தெறங்க" என்றேன். பாதி திறந்து, "கன்னுக்குட்டிய எவ அவுத்துவிட்டா" என்று குழறினார். மருமகள் சிரித்துவிட்டாள். தூக்கக் கலக்கத்தில் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டாள். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் இன்னும் மறக்கமுடியவில்லை.

விரலில் குத்திப் பார்த்தேன். சர்க்கரை பார்க்கிற மிஷினில் எண் அவ்வளவு இறங்கியிருந்ததைப் பார்த்ததும் மருமகளை நகரச் சொன்னேன். டிரிப்ஸ் போட ஏற்கெனவே கையில் ஊசி சொருகியிருந்தது. நரம்பைத் தேட வேண்டியிருக்கவில்லை. அதற்குப் பல தடவை சாமிக்கு நன்றி சொல்லிவிட்டேன். குளுக்கோஸை மெதுவாக ஏற்றினேன். வார்டு முழுக்க இட்லியும் சாம்பாருமாக மணக்கிறது, யாரோ டம்ளரைக் கீழே போடுகிறார்கள், நான் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். கொஞ்ச நேரத்தில் கண் திறந்தது. என்னைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார்.

"என்னட்டி, எல்லாரும் என்னச் சுத்தி நிக்கிய?"

வாசலில் ராயகிரிப் பெண் நின்றுகொண்டிருந்தாள். யாரோ சொல்லி ஓடிவந்திருக்கிறாள். என் கையில் இருந்த குளுக்கோஸ் குப்பியையும் அந்த அம்மாவையும் பார்த்த மாத்திரத்தில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. என் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னாள்.

"அக்கா, நான்தான் போட்டேன்."

அவள் கண் சிவந்திருந்தது. அழுததால் இல்லை, தூங்காததால். அழுகை பிறகுதான் வந்தது.

பெரிய டாக்டர் உடனே வந்து பார்த்தார். ஆபத்து இல்லை, ஆனால் மருந்தின் வேகம் அடங்குகிற வரைக்கும் சர்க்கரை மறுபடி இறங்கலாம், அடிக்கடி பார்க்கவேண்டும் என்றார். ஸ்கேனைத் தள்ளிவைத்துவிட்டு, கஞ்சி கொடுக்கச் சொன்னார். புளியங்குடி அம்மாவுக்கு அவருடைய ஊசியைப் போடச் சொன்னார். எல்லாம் சரியாகச் செய்தார். பிறகு என்னை அவருடைய அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார்.

"வீட்டாளுங்க கேட்டா, காய்ச்சல், வெறும் வயிறு, அதனால சுகர் கொறஞ்சிருச்சுன்னு சொல்லுங்க சிஸ்டர். அது நடக்காத விஷயமும் இல்ல."

ஜன்னல் வழியாக ரோட்டைக் காட்டினார்.

"தபசுக் கூட்டம் ஊர்ல நிக்குது. ஒரு போன் போட்டா நூறு பேர் வந்துருவான். கண்ணாடிய ஒடச்சிட்டுப் போயிருவான். உள்ள எத்தன பேஷன்ட் இருக்காங்கன்னு யோசிச்சுப் பாருங்க."

அவர் கெட்டவர் இல்லை. பக்கத்து ஊரில் அவருடைய நண்பர் நடத்திய ஆஸ்பத்திரியை அப்படித்தான் உடைத்தார்கள். அதை இவர் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து நாலு நாள் சாப்பிடாமல் கிடந்தவர். நான், "சரி சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அப்படியே சொல்லிவிடலாம் என்றுதான் வந்தேன்.

பனவடலி அம்மாவின் மகன் அதற்குள் வந்திருந்தார். கூட்டுறவு சங்கத்தில் வேலை பார்க்கிறவர். விடிந்ததும் கோவிலுக்குப் போய் அம்மாவுக்காகக் கும்பிட்டுவிட்டு, அங்கே பிரசாதமாகத் தருகிற புற்றுமண்ணை ஒரு பொட்டலத்தில் வாங்கி வந்திருந்தார். அதை அம்மாவின் நெற்றியில் பூசிவிட்டு, வராண்டாவில் எனக்காகக் காத்திருந்தார்.

"சிஸ்டர், எங்கம்மைக்குச் சுகரே கெடையாது. போன மாசங்கூடப் பாத்தோம். பெறகு எப்படி இப்படிக் கொறஞ்சுச்சு?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரியாததைத் தெரிந்துகொள்கிற மாதிரிதான் கேட்டார்.

டாக்டர் சொன்னதைச் சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. இதை நான் என் நேர்மையைக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. எனக்கு அலுப்பாக இருந்தது, அதுதான் நிஜம். ஒரு பொய்யைச் சொன்னால் அதை அடுத்த டூட்டி நர்ஸிடம் சொல்லி வைக்கவேண்டும், ஆயாம்மாவிடம் சொல்லவேண்டும், புளியங்குடி அம்மாவின் வாயை அடைக்கவேண்டும், அந்தப் பெண்ணிடம் அழாதே என்று சொல்லவேண்டும். அவ்வளவையும் தூக்கிச் சுமக்க அன்றைக்கு என் உடம்பில் தெம்பில்லை.

"தம்பி, இங்கன உக்காருங்க" என்றேன். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். "வேற ஒருத்தருக்குப் போடவேண்டிய சுகர் ஊசிய ஒங்கம்மைக்குப் போட்டுட்டோம். ரெண்டு பேருக்கும் ஒரே பேரு. பெட் மாறியிருந்தது எங்க நர்ஸுக்குத் தெரியல. தப்பு எங்களோடது. இப்ப குளுக்கோஸ் ஏறுது, நல்லாத்தான் இருக்காங்க. ஆனா சாயங்காலம் வரைக்கும் விட்டுவிட்டுப் பாக்கணும். நான் இங்கனதான் இருப்பேன்."

அவர் மீதிப் புற்றுமண் பொட்டலத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"இத நீங்க சொல்லாம இருந்திருக்கலாம்லா?"

"இருந்திருக்கலாம்."

"பெறகு ஏன் சொன்னிய?"

"நீங்க கேட்டிய."

எழுந்து வெளியே போய் போன் பேசினார். எனக்குத் தெரியும், யாரைக் கூப்பிடுகிறார் என்று. டாக்டரிடம் போய், "சொல்லிட்டேன் சார்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மத்தியானத்துக்குள் ஒரு குட்டியானை லோடு வண்டியில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். முன்னால் வந்தவர் பனவடலி அம்மாவின் அண்ணன். வெள்ளை மீசை, கனத்த குரல். வராண்டாவிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"எங்க அந்த டாக்டரு? எவ அந்த ஊசி போட்டவ? ஆள் மாத்தி ஊசி போடுததுக்கா இத்தனாம்பெரிய கட்டடம் கட்டி வச்சிருக்கிய?"

எட்டுப் பத்துப் பேர் பின்னால் நின்றார்கள். மற்ற நோயாளிகளைப் பார்க்க வந்தவர்களும் கூடிவிட்டார்கள். ரிசப்ஷன் பையன் ஷட்டரை இறக்கலாமா என்று என்னைப் பார்த்தான். வேண்டாம் என்று கை காட்டினேன். நடந்ததை மறுபடியும் சொன்னேன். பாதியில் நிறுத்தினார்கள், முதலிலிருந்து சொன்னேன். எத்தனை தடவை சொன்னேனோ. நிற்க முடியாமல் சுவரில் சாய்ந்துகொண்டு சொன்னேன்.

சத்தம் கேட்டு, மருமகளைப் பிடித்துக்கொண்டு, டிரிப்ஸ் பாட்டிலை அவள் கையில் தூக்கிப் பிடிக்க, பனவடலி அம்மாவே வார்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

"அண்ணே, என்னத்துக்குச் சத்தம் போடுத? அந்தப் பிள்ள கேட்டுட்டுதான் போட்டுச்சு. நாந்தான் தலைய ஆட்டுனேன்."

"நீ சும்மா இரி. ஒனக்கு என்ன தெரியும்?"

"எனக்கு ஊசின்னா அது காய்ச்சலுக்குன்னு நெனச்சுட்டேன். என் தப்புதான்."

எனக்கு அதைக் கேட்கத்தான் பொறுக்கவில்லை. இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர் இப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நான் சரியாகச் சொல்லவில்லை, நான் கவனிக்கவில்லை, எனக்குப் படிப்பு இல்லை என்று. உடம்பு முடியாமல் வந்து படுக்கிறவர்கள் எங்களுக்காகக் கண்காணித்துக்கொண்டு வேறு இருக்கவேண்டுமா?

"ஒங்க மேல ஒரு தப்பும் இல்லம்மா" என்றேன். "ஒங்களுக்குத் தலைய ஆட்டுத மாதிரி நாங்க கேட்டிருக்கக் கூடாது."

அப்போதுதான் ராயகிரிப் பெண் வந்தாள். நான் அவளை மருந்து அறைக்குள் இருக்கச் சொல்லியிருந்தேன். கேட்கவில்லை. வந்து கூட்டத்துக்கு நடுவில் நின்று, "நான்தான் போட்டேன். மன்னிச்சிருங்க" என்றாள்.

வெள்ளை மீசை அண்ணாச்சி அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"எந்த ஊரு நீ?"

"ராயகிரி."

"எப்ப வந்த வேலைக்கு?"

"நேத்து மத்தியானம்."

"நேத்து மத்தியானம் வந்தவ இன்னும் வீட்டுக்குப் போவலியா?"

அவள் என்னைப் பார்த்தாள். அவர் திரும்பினார். டாக்டர் அவருடைய அறை வாசலில் வந்து நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது.

"இவள என்ன கேக்கதுக்கு இருக்கு? டாக்டரே, ஒம்மகிட்டதான் கேக்கணும்."

டாக்டர் நடந்து வந்தார். "தப்பு எங்களோடதுதான் ஐயா" என்றார். குரல் அவ்வளவாக எழும்பவில்லை. "அம்மாவ நல்லபடியா அனுப்ப வேண்டியது என் பொறுப்பு. நீங்க வேற டாக்டர்கிட்டக் காட்டணும்னாலும், நடந்தது எல்லாத்தையும் எழுதித் தாரேன்."

கூட்டத்தில் ஒருவன் கெட்ட வார்த்தையில் திட்டினான். இன்னொருவன் பூந்தொட்டியைக் காலால் தள்ளிவிட்டான். அது உடைந்து மண் சிதறியது. உடைந்தது அது ஒன்றுதான். மகன் வந்து மாமாவின் கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போனார். சாயங்காலம் வரைக்கும் அவர்கள் எதிரே டீக்கடையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். நான் வீட்டுக்குப் போகவில்லை. அந்தப் பெண்ணை மட்டும் வற்புறுத்தி பஸ் ஏற்றிவிட்டேன்.

மறுநாள் ஸ்கேன் எடுத்தார்கள், வயிற்றில் பெரிதாக ஒன்றும் இல்லை. காய்ச்சலும் இறங்கியிருந்தது. டாக்டர் சொன்ன மாதிரியே டிஸ்சார்ஜ் சம்மரியில் எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதிக்கொடுத்தார். கிளம்பும்போது பனவடலி அம்மா என் கையைப் பிடித்து, "அந்தப் பிள்ளைய வேலைய விட்டு எடுத்துராதிய" என்றார். மகன் அம்மாவை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, திரும்பி வந்து என்னிடம் சொன்னார்.

"நீங்க உள்ளதச் சொன்னது நல்லதுதான் சிஸ்டர். நான் இல்லன்னு சொல்லல. ஆனா இனிமே இங்கன வர எனக்கு மனசு வராது."

சரி என்று தலையசைத்தேன். அவர்கள் பிறகு வரவே இல்லை.

அந்தப் பெண்ணை எடுத்துவிடலாம் என்று டாக்டர் ஒரு தடவை பேச்சை எடுத்தார். "அவள எடுத்தா, அடுத்தவ தப்புப் பண்ணா நம்மகிட்ட வந்து சொல்லமாட்டா சார். மறைச்சிருவா" என்றேன். அவர் யோசித்துவிட்டு விட்டுவிட்டார். ஆனால் என்னோடு ரொம்ப நாள் வேலை விஷயம் தவிர வேறு பேசவில்லை.

அதற்குப் பிறகு சில காரியங்களை மாற்றினோம். பெயரை நாங்கள் சொல்லி ஆமாவா என்று கேட்கக் கூடாது, அவர்கள் வாயால் சொல்லவேண்டும். கணவர் பெயர் வேண்டாம், வயதும் ஊரும் போதும். இரண்டையும் எழுதிக் கையில் ஒரு பட்டை கட்டவேண்டும். கட்டில் மாறினால் அந்த டூட்டி நர்ஸிடம் சொல்லாமல் மாறக் கூடாது. இன்சுலின் போடும்போது இரண்டு பேர் பார்க்கவேண்டும். டூட்டி மாறும்போது அடுத்த நர்ஸிடம் நோயாளிகளை மேஜையில் உட்கார்ந்து ஒப்படைக்காமல், கட்டில் கட்டிலாக நடந்து ஒப்படைக்கவேண்டும்.

சொல்லும்போது லேசாகத்தான் இருக்கிறது. ஆயாம்மா முதல் நாளே என்னிடம் வந்தாள். "அப்ப நான் பெட்ட மாத்துனதுதான் தப்பா? கால் முடியாதவளுக்கு ஒதவுனது தப்பா?" இல்லை என்று எவ்வளவோ சொன்னேன். அவள் மனம் ஆறவில்லை. ஒரு மாதம் போல என்னிடம் முகம் கொடுக்கவில்லை.

நோயாளிகளுக்கும் எரிச்சல்தான். "காலைல கேட்டிய, மத்தியானம் கேட்டிய, இப்பவும் கேக்கிய. எம் பேரு மறந்து போச்சா ஒங்களுக்கு?" என்பார்கள். ஒரு ரிட்டயர்ட் வாத்தியார், "எழுதி நெத்தியில ஒட்டிக்கிடட்டா?" என்று கேட்டார். தெரிந்தவர்கள் என்றால் இன்னும் சிரமம். பக்கத்து வீட்டுக்காரியிடம் போய் உங்கள் பேரைச் சொல்லுங்க என்றால், இன்சார்ஜ் ஆனதும் தலைகால் தெரியவில்லை என்று பேசுவார்கள். கைப்பட்டை தீர்ந்துபோனால் புதிதாக வர வாரக்கணக்கில் ஆகும். அதுவரைக்கும் பிளாஸ்திரியில் எழுதி ஒட்டுவோம். வேர்வையில் எழுத்து அழிந்துவிடும். மறுபடி எழுதவேண்டும்.

நான் இரண்டு நாள் லீவு போட்டு வந்தால் எல்லாம் பழையபடி ஆகியிருக்கும். மேஜையில் உட்கார்ந்து ஒப்படைத்துக்கொண்டிருப்பார்கள். நர்ஸ் இன்னமும் குறைவுதான். புதிதாக வருகிற பெண்கள் கொஞ்சம் கற்றுக்கொண்டதும் வெளிநாட்டுக்கோ கேரளாவுக்கோ போய்விடுவார்கள். அடுத்து வருகிறவர்களுக்கு முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டும். டூட்டிக்கு மேல் டூட்டி போடக் கூடாது என்று டாக்டரும் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆனால் யாராவது வரவில்லை என்றால் என்ன செய்வது என்பதற்கு அவரிடமும் பதில் இல்லை, என்னிடமும் இல்லை. அந்த நாள்களில் நானே இருந்துவிடுகிறேன். ஐம்பது வயது தாண்டிய கண்ணை நம்பி மருந்து எடுப்பதும் ஒன்றும் பத்திரமில்லை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. எடுத்ததை இன்னொருத்தியிடம் காட்டிவிட்டுத்தான் போடுகிறேன்.

ராயகிரிப் பெண் அதற்குப் பிறகு ஏழெட்டு மாதம் இருந்தாள். வேலையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஊசி போடும்போது பேச்சுக் கொடுப்பதை விட்டுவிட்டாள். ஒரே மருந்தை மூன்று தடவை எடுத்துப் பார்ப்பாள். போட்டுவிட்டு வந்தும் திரும்பப் போய்க் கட்டிலைப் பார்ப்பாள். ஊருக்குள்ளும், "ஆள் மாத்தி ஊசி போட்ட பிள்ள" என்று அவளுக்குப் பெயர் விழுந்துவிட்டது. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார்கூட அதைக் கேட்டார்களாம். ஒருநாள் வந்து, "அக்கா, கோயம்புத்தூர்ல ஒரு பெரிய ஆஸ்பத்திரில கூப்பிடுதாங்க, போவட்டா?" என்றாள். போ என்றேன். போகாதே என்று சொல்ல எனக்கு என்ன உரிமை?

எப்போதாவது போன் செய்வாள். போன வாரம் பேசினாள்.

"இங்க கைல கட்டுத பட்டைல கோடு கோடா இருக்கும்க்கா. மிஷின வச்சுப் பாத்துட்டுதான் மருந்து குடுக்கணும். மாறுனா சத்தம் போடும்."

"நல்லதுதான."

"நல்லதுதான். ஆனா அந்த மிஷினு ஓயாம சத்தம் போடுதுன்னு சில பேரு அத அமத்தி வச்சிருதாங்க."

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அங்கே டூட்டி எத்தனை மணி நேரம் என்று கேட்டேன். சொன்னாள். பரவாயில்லை, இங்கே மாதிரி இல்லை.

"நீங்க எப்படிக்கா இருக்கிய?"

"இருக்கேன். காலுதான் கொஞ்சம் வலி."

"டாக்டர்ட்ட காட்டுங்கக்கா."

"காட்டணும்."

பெண்கள் வார்டிலிருந்து புதிதாக வந்த நர்ஸ் கூப்பிட்டாள். இன்சுலின் போடவேண்டும், கூட நின்று பார்க்க ஆள் வேண்டும் என்றாள். பிறகு பேசுகிறேன் என்று போனை வைத்துவிட்டு எழுந்து போனேன்.